கரைக்குத் திரும்பியவன் சொன்ன கணக்கு

பாய்க்கப்பல்களின் காலத்தில் சுக்கானுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பலகை இருக்கும். காவல் முறையில் நிற்பவர் மணிக்கொரு தடவை அதில் சாக்கட்டியால் நான்கைந்து விவரங்களைக் கிறுக்குவார்: வேகம், திசை, காற்று, விரித்திருக்கும் பாய்கள், வேறு ஏதாவது நடந்திருந்தால் அதுவும். வேகம் பார்க்கும் முறைதான் வேடிக்கையானது. ஒரு மரத்துண்டைக் கயிற்றில் கட்டிப் பின்பக்கமாகக் கடலில் எறிவார்கள். துண்டு விழுந்த இடத்திலேயே மிதக்கும். கப்பல் விலகிப் போகும். கயிறு உருளையிலிருந்து ஓடும். கயிற்றில் ஏறத்தாழ 14.4 மீட்டருக்கு ஒரு முடிச்சு. 28 விநாடி மணற்கடிகாரத்தில் மணல் தீர்ந்ததும் கயிற்றைச் சட்டென்று பிடித்து, கை வழியே எத்தனை முடிச்சு ஓடியது என்று உரக்கச் சொல்வார்கள். எட்டு முடிச்சு ஓடியிருந்தால் மணிக்கு எட்டுக் கடல் மைல். இன்றைக்கும் கப்பலின் வேகத்தை ‘நாட்’ என்று முடிச்சின் பெயரால்தான் சொல்கிறார்கள். அந்த மரத்துண்டின் பெயர் ‘லாக்’.

நடுப்பகலில் சூரியன் உச்சிக்கு வந்ததும் பலகையில் இருப்பதை ஏட்டில் படியெடுத்துவிட்டுப் பலகையைத் துடைப்பார்கள். அந்த ஏடுதான் லாக் புக், கப்பலின் குறிப்பேடு. 1805 வரை பிரிட்டிஷ் கடற்படைக்கு நாளே நடுப்பகலில்தான் பிறந்தது. கரையில் திங்கட்கிழமை பிற்பகல் என்றால் கப்பல் ஏட்டில் அது செவ்வாய்க்கிழமை ஆகியிருக்கும். பழைய கடற்பயண நூல்களில் தேதிகள் ஒரு நாள் முன்னும் பின்னுமாக இருப்பதைப் பார்த்து, எழுதியவர் தடுமாறிவிட்டார் என்று நினைப்பதுண்டு. பெரும்பாலும் தடுமாறுவது வாசிக்கும் நாம்தான்.

கடல் சாகச நூல்கள் என்றதும் புயலும் கொள்ளையரும் புதையல் வரைபடமும் நினைவுக்கு வரும். நான் இந்த வறண்ட ஏட்டிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. தெருவில் ஒன்று நடந்தால் அக்கம்பக்கத்தார் பார்த்திருப்பார்கள். நடுக்கடலில் நடந்ததைக் கப்பலில் இருந்தவர்கள் மட்டுமே பார்த்திருப்பார்கள். அவர்களிலும் திரும்பி வந்தவர்கள் மட்டுமே சொல்வார்கள். அவர்களுக்காகக் கரையில் கப்பல் முதலாளி, காப்பீட்டுக்காரர், கடற்படை அதிகாரி, இறந்தவரின் மனைவி என்று ஒரு வரிசையே காத்திருக்கும். என்ன நடந்தது, கணக்குச் சொல். இந்தக் கேள்விக்கான பதில்களாகத்தான் கடல் நூல்களில் முக்கியமானவை பிறந்திருக்கின்றன. நாவலாக எழுதியவர்களும் அந்தப் பதில்களில் விட்டுப்போன இடத்திலிருந்தே கிளம்பினார்கள்.

கடலோடிகளை எழுத வைத்ததில் விஞ்ஞானிகளுக்கும் பங்கு உண்டு. லண்டன் ராயல் சொசைட்டி தொடங்கிய சில ஆண்டுகளிலேயே, 1666-இல், தொலைதூரம் போகும் மாலுமிகளுக்கென்று ஓர் அறிவுரைப் பட்டியலைத் தன் இதழில் வெளியிட்டது. காந்த ஊசி எவ்வளவு விலகுகிறது, ஓதம் எப்போது ஏறுகிறது, கடலின் ஆழம் என்ன, எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வாருங்கள் என்றது. அந்த மனப்போக்கில் வளர்ந்தவர்தான் வில்லியம் டாம்பியர். தொழில் என்னவோ கடற்கொள்ளைதான். ஆனால் பனாமா நிலச்சந்தியை 1681-இல் காட்டுவழியே கால்நடையாகக் கடந்தபோது, ஆறுகளில் நனைந்துவிடாமலிருக்கத் தன் குறிப்புகளை ஒரு பெரிய மூங்கில் கணுவுக்குள் திணித்து, இரு முனையையும் மெழுகால் அடைத்துக்கொண்டார். கூட வந்தவர்கள் தங்கத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தபோது இவர் காகிதத்தைக் காப்பாற்றினார். அந்தக் காகிதங்களிலிருந்து 1697-இல் வெளிவந்த உலகப் பயண நூல் அமோகமாக விற்றது. காற்று, நீரோட்டம், செடிகொடி பற்றிய அவருடைய குறிப்புகளை அடுத்த நூற்றாண்டு முழுவதும் மாலுமிகள் புரட்டினார்கள்.

இதே டாம்பியர் 1709-இல் வழிகாட்டியாக இருந்த பயணத்தில்தான், சிலிக்கு மேற்கே ஹுவான் ஃபெர்னாண்டஸ் தீவுகளில் ஆட்டுத்தோல் உடுத்திய ஒரு மனிதன் கண்டெடுக்கப்பட்டான். அலெக்சாண்டர் செல்கிர்க். ‘இந்தக் கப்பல் ஓட்டை, இதில் வர மாட்டேன்’ என்று கேப்டனோடு சண்டை போட்டுத் தானே கேட்டு இறங்கியவன்; நான்கு ஆண்டுகளுக்கும் மேல் தனியாக இருந்தான். அவன் சொன்னது சரிதான். அவனை விட்டுவிட்டுப் போன கப்பல் பின்னர் மூழ்கியது. பயணத்தின் தலைவர் வுட்ஸ் ராஜர்ஸ் 1712-இல் தன் நூலில் செல்கிர்க்கின் கதையைச் சில பக்கங்களில் சொன்னார். 1719-இல் ‘ராபின்சன் குரூசோ’ வந்தது. முகப்பில் டானியல் டிஃபோவின் பெயர் இல்லை. குரூசோவே எழுதியது என்று அச்சிட்டிருந்தது. நாவல் என்ற வடிவம் இன்னும் நிலைபெறாத காலம். வாசகர் நம்ப வேண்டுமென்றால் அது திரும்பி வந்தவனின் கணக்காக இருந்தாக வேண்டும். குரூசோ கரை சேர்ந்ததும் செய்யும் காரியங்களைப் பாருங்கள்: உடைந்த கப்பலிலிருந்து எடுத்த சாமான்களைப் பட்டியலிடுகிறான், நாள்குறிப்பு எழுதுகிறான், மை தீரும் வரை, தன் விதியின் நன்மை தீமைகளைப் பற்று வரவாக இரண்டு பத்தியில் எழுதிக் கூட்டிப் பார்க்கிறான். தனிமைத் துயரை இப்படிக் கணக்கப்பிள்ளை போலச் சொன்னதால்தான் அது உண்மை போல ஒலித்தது.

இந்த மோகத்தைக் கிண்டல் செய்தவர் ஜோனதன் ஸ்விஃப்ட். 1726-இல் வந்த ‘கலிவரின் பயணங்கள்’ நூலில் கலிவர் டாம்பியரைத் தன் உறவினர் என்று சொல்லிக்கொள்கிறான். ராட்சதர்களின் நாட்டுக்குப் போகும் வழியில் ஒரு புயல் வர்ணனை இருக்கிறது. பாய், கயிறு, சுக்கான் என்று மூச்சுவிடாமல் கப்பல் சொற்களாகக் கொட்டும்; தலை சுற்றும். 1669-இல் சாமுவேல் ஸ்டர்மி எழுதிய மாலுமிகளுக்கான பாடநூலிலிருந்து கிட்டத்தட்ட அப்படியே தூக்கிப் போட்டது அது. வாசகன் ஒரு வரியும் புரியாமல் ‘ஆகா, உண்மையாகத்தான் இருக்கும்’ என்று தலையாட்டுவான் என்று ஸ்விஃப்ட்டுக்குத் தெரியும்.

கப்பல் உடைந்த பின் யார் தலைவன் என்ற கேள்வி வந்தபோது கணக்கு வழக்காக மாறியது. 1741 மே மாதம் ‘வேஜர்’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் சிலியின் தென்கரையோரம் பாறையில் மோதி உடைந்தது. அக்காலக் கடற்படை விதிப்படி கப்பல் போனால் சம்பளமும் நின்றுவிடும். சம்பளம் இல்லாதவனுக்குக் கட்டளை எதற்கு என்று கரையேறியவர்கள் கேட்டார்கள். பீரங்கிப் பொறுப்பாளர் ஜான் பல்க்லி பெரும்பான்மையோரைச் சேர்த்துக்கொண்டு, கேப்டனைத் தீவிலேயே விட்டுவிட்டு, நீட்டிக் கட்டிய படகும் கூடச் சிறு படகுகளுமாக 81 பேருடன் பிரேசிலை நோக்கிக் கிளம்பினார். சுமார் 30 பேர் உயிரோடு போய்ச் சேர்ந்தார்கள். பல்க்லி கையில் நாள் தவறாமல் எழுதிய குறிப்பு இருந்தது. தூக்குக் கயிறு காத்திருக்கலாம் என்று தெரிந்தே அவர் அதை எழுதியிருக்கிறார். ஒவ்வொரு தீர்மானத்துக்கும் யார் யார் கையெழுத்துப் போட்டார்கள் என்பது வரை அதில் இருக்கும். 1743-இல் அதை நூலாக அச்சிட்டுவிட்டார். செத்துப்போனதாக நினைத்த கேப்டன் 1746-இல் திரும்பி வந்தபோது ஊரார் பல்க்லியின் கதையைப் படித்து முடித்திருந்தார்கள். விசாரணை, கப்பல் எப்படி மூழ்கியது என்பதோடு நின்றுகொண்டது. கலகத்தை யாரும் தொடவில்லை. கேப்டனோடு தங்கிய இளம் மாலுமி ஜான் பைரன் தன் கணக்கை 1768-இல்தான் வெளியிட்டார். கவிஞர் பைரனின் தாத்தா அவர். பேரன் தன் கவிதையில் கப்பல் உடையும் காட்சிக்குத் தாத்தாவின் நூலைப் பயன்படுத்திக்கொண்டார். டேவிட் கிரான் 2023-இல் எழுதிய ‘த வேஜர்’, இப்படி ஒன்றோடொன்று மோதும் கணக்குகளை எதிரெதிரே உட்கார வைத்துப் பேச விடுகிறது. சமீபத்தில் வந்த கடல் நூல்களில் முதலில் கையில் எடுக்க வேண்டியது இதுதான் என்பேன்.

‘பவுண்டி’ என்ற பிரிட்டிஷ் கப்பலில் நடந்த கலகம் இன்னும் பிரபலம். 1789 ஏப்ரல் 28 அதிகாலையில் ஃப்ளெட்சர் கிறிஸ்டியன் தலைமையில் கலகம் செய்தவர்கள், கேப்டன் வில்லியம் பிளையையும் 18 பேரையும் ஏழு மீட்டர் நீளப் படகில் இறக்கிவிட்டார்கள். பிளை அந்தப் படகை 47 நாளில், 3,600 கடல் மைலுக்கு மேல் செலுத்தித் தீமோர் போய்ச் சேர்ந்தார். வழியில் ஒரு தீவில் தாக்குதலில் ஒருவர் இறந்தார். கடலில் ஒருவரும் சாகவில்லை. உணவுப் பங்கீட்டுக்கு இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளால் தராசு செய்தார். எடைக்கல், ஒரு பவுண்டில் இருபத்தைந்தில் ஒரு பங்கு எடையுள்ள துப்பாக்கி ரவை. ஒரு வேளைக்கு அந்த ரவையின் எடை அளவு ரொட்டி, ஏறத்தாழ 18 கிராம். கூடக் கால் பைண்ட் தண்ணீர். அலை உள்ளே வந்து விழ, ஒரு கை தண்ணீரை இறைக்க, மடியில் வைத்திருந்த சிறு குறிப்பேட்டில் அவர் எழுதிக்கொண்டே வந்தார். கலகக்காரர்கள் ஒவ்வொருவருடைய உயரம், நிறம், பச்சை குத்திய இடம் எல்லாம் அதில் இருக்கின்றன. பின்னால் பிடிப்பதற்கான அங்க அடையாளங்கள். அந்தக் குறிப்பேடு இப்போது ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தில் இருக்கிறது.

பிளையின் நூல் 1790-இல் வந்து அவரை வீரராக்கியது. 1794-இல் ஃப்ளெட்சரின் அண்ணன் எட்வர்ட், சட்டம் படித்தவர், கலக விசாரணையின் நடவடிக்கைக் குறிப்போடு ஒரு பின்னிணைப்பை எழுதி வெளியிட்டார். திரும்பி வந்த மாலுமிகளை விசாரித்து அவர் திரட்டியதில் பிளையின் நாக்கு எவ்வளவு கொடியது என்பது வெளியே வந்தது. இன்று நாம் அறிந்த கொடுங்கோலன் பிளை அங்கிருந்து வளர்ந்தவர். இருவரில் யார் சொன்னது சரி என்று கேட்டால், இரண்டையும் படியுங்கள் என்றுதான் சொல்வேன்; பிளை ஒப்பற்ற மாலுமியாகவும் கூட இருக்க முடியாத மனிதராகவும் ஒரே சமயத்தில் இருந்திருக்க முடியும்.

குறிப்பேடே காணாமல் போன வழக்கும் உண்டு. ‘சாங்’ என்ற அடிமைக் கப்பலில் 1781 இறுதியில், தண்ணீர் போதாது என்று சொல்லி, 130-க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களைச் சில நாட்களில் உயிரோடு கடலில் தள்ளினார்கள். முதலாளிகள் தலைக்கு 30 பவுண்ட் என்று காப்பீட்டுத் தொகை கேட்டார்கள். 1783-இல் லண்டனில் நடந்தது கொலை வழக்கு அன்று. சரக்கு நஷ்ட வழக்கு. எவ்வளவு தண்ணீர் மிச்சம் இருந்தது என்பதைக் கப்பலின் குறிப்பேடு சொல்லியிருக்கும். விசாரணைக்கு அது வந்து சேரவில்லை. இந்த வழக்கை அடிமைமுறை எதிர்ப்பாளர்களின் கவனத்துக்குக் கொண்டுபோனவர் ஒலாடா எக்வியானோ. தானே அடிமையாகவும் பிறகு விடுதலை பெற்ற மாலுமியாகவும் கப்பல்களில் இருந்தவர். 1789-இல் வந்த அவருடைய தன்வரலாறு கடல் நூல்களின் அலமாரியில் இருக்க வேண்டியது. கடைக்காரர்கள் வேறு அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். 2008-இல் எம். நூர்பெசே ஃபிலிப் என்ற கவிஞர், அந்த வழக்கின் இரண்டு பக்கத் தீர்ப்பறிக்கையில் உள்ள சொற்களை உடைத்துச் சிதறவிட்டு ஒரு கவிதை நூல் செய்தார். பக்கங்களில் சொற்கள் தண்ணீரில் மிதப்பது போலத் தள்ளித் தள்ளிக் கிடக்கும். கப்பலும் கயிறும் நிறைந்த எத்தனையோ நாவல்கள் என்னிடம் செய்யாததை அது செய்தது.

எழுதியவர்கள் பெரும்பாலும் அதிகாரிகள் என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதை மாற்றியவர் ரிச்சர்ட் ஹென்றி டானா. ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்தவருக்கு அம்மை கண்டு பார்வை மங்கியது. புத்தகத்தைத் தொட முடியவில்லை. 1834-இல் ‘பில்கிரிம்’ என்ற சரக்குக் கப்பலில் சாதாரண மாலுமியாகச் சேர்ந்தார். அவருடைய நூலின் பெயரை ‘பாய்மரத்துக்கு முன்னால் இரண்டாண்டு’ என்று தமிழில் சொல்லலாம். முன்னால் என்பது இடம் மட்டும் குறிப்பதில்லை. பாய்மரத்துக்கு முன்னால், கப்பலின் அணியத்தில் உள்ள இருட்டறையில், மாலுமிகள் தூங்குவார்கள், பின்பக்கம் அதிகாரிகளுக்கு. கலிபோர்னியக் கரையோரம் ஒரு நாள் கேப்டன் இரண்டு மாலுமிகளைக் கட்டிவைத்துச் சவுக்கால் அடித்ததை டானா நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். பயணத்தில் எழுதிய நீண்ட நாட்குறிப்பு கரைக்கு வந்ததும் தொலைந்துபோக, சிறு குறிப்பேடு ஒன்றையும் நினைவையும் வைத்துக்கொண்டு மறுபடி எழுதினார். 1840-இல் பதிப்பாளர் உரிமை முழுவதையும் 250 டாலருக்கு வாங்கிக்கொண்டார். 1849-இல் தங்கம் தேடிக் கலிபோர்னியாவுக்குக் கிளம்பியவர்களுக்கு அந்த ஊர்களைப் பற்றிப் படிக்க இருந்த சில நூல்களில் இதுவும் ஒன்று. அவர்கள் வாங்கிக் குவித்ததில் டானாவுக்குப் பங்கில்லை. அவர் வழக்கறிஞராகி மாலுமிகளுக்காக வாதாடினார்.

டானாவைப் படித்து ஆராதித்தவர் ஹெர்மன் மெல்வில். 1841 ஜனவரியில் ‘அகுஷ்நெட்’ என்ற திமிங்கில வேட்டைக் கப்பலில் ஏறியபோது வயது 21. வேட்டைக் கப்பலில் மாதச் சம்பளம் கிடையாது. மூன்று நான்கு ஆண்டு அலைந்து கொண்டுவரும் எண்ணெயில் ஆளுக்கொரு பங்கு. அவர் எழுதிய ‘மோபி டிக்’ நாவலில் கதைசொல்லி இஷ்மாயிலுக்குக் கிடைப்பது நிகர லாபத்தில் முந்நூறில் ஒன்று. ஈட்டியை ஒருமுறை எறிந்து காட்டிய அவன் நண்பன் குவீக்வெக்குக்குத் தொண்ணூறில் ஒன்று. கப்பல் முதலாளிகள் இருவர் இந்தப் பங்குக்காக நாடகமாடும் அத்தியாயம், திமிங்கிலம் வருவதற்கு வெகு முன்னாலேயே, நாவலின் மிகச் சிரிப்பான இடம்.

அந்தப் பயணத்தில் நடுக்கடலில் வேறொரு வேட்டைக் கப்பலைச் சந்தித்தபோது, அதிலிருந்த இளைஞன் ஒருவன் தன் அப்பா எழுதிய நூலை மெல்வில்லுக்குப் படிக்கக் கொடுத்தான். அப்பா ஓவன் சேஸ், ‘எஸெக்ஸ்’ கப்பலின் முதல் மேட், அதாவது கேப்டனுக்கு அடுத்த அதிகாரி. 1820 நவம்பர் 20 அன்று பசிபிக்கின் நடுவே ஒரு பெரிய ஸ்பெர்ம் திமிங்கிலம் ‘எஸெக்ஸ்’ மீது இரண்டு முறை மோதி அதை மூழ்கடித்தது. 20 பேர் மூன்று சிறு படகுகளில் ஏறினார்கள். காற்று சாதகமாக இருந்த திசையில் தீவுகள் இருந்தன; அங்கே நரமாமிசம் தின்பவர்கள் இருப்பார்கள் என்ற பயத்தில் அந்தப் பக்கம் போகாமல் தென்னமெரிக்காவை நோக்கித் திரும்பினார்கள். தண்ணீரும் ரொட்டியும் தீர்ந்து, இறந்தவர்களைத் தின்று, கடைசியில் சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒரு பையனைச் சுட்டு, எட்டுப் பேர் பிழைத்தார்கள்.

சேஸ் ஊர் திரும்பிய சில மாதங்களிலேயே தன் கணக்கை வெளியிட்டுவிட்டார். கப்பலின் கேபின் பையன் தாமஸ் நிக்கர்சன், திமிங்கிலம் மோதியபோது சுக்கானைப் பிடித்திருந்தவன், முதுமையில் எழுதிய கையெழுத்துப் படி 1960-இல் தற்செயலாகக் கிடைத்து 1984-இல்தான் அச்சேறியது. அதில் ஒரு சின்ன விவரம் இருக்கிறது. முதல் மோதலுக்குப் பிறகு திமிங்கிலம் கப்பலை ஒட்டிக் கிடந்தது. சேஸ் ஈட்டியை ஓங்கியவர், அதன் வால் சுக்கானுக்கு அருகில் இருப்பதைக் கண்டு கையை இறக்கிக்கொண்டார். எறிந்திருந்தால் கப்பல் தப்பியிருக்குமோ என்னவோ. சேஸின் நூலில் இந்தத் தயக்கம் இல்லை. 160 ஆண்டுகள் உலகம் படித்தது அவருடைய கணக்கை மட்டும்தான். இரண்டையும் சேர்த்து நதானியல் ஃபில்பிரிக் 2000-இல் எழுதிய ‘இன் த ஹார்ட் ஆஃப் த சீ’ அந்த இடத்தை நிதானமாகக் காட்டுகிறது.

‘மோபி டிக்’ 1851 அக்டோபரில் முதலில் லண்டனில் வந்தபோது கடைசிப் பின்னுரை அச்சில் விட்டுப்போனது. இஷ்மாயில் தப்பிய விதத்தைச் சொல்லும் பக்கம் அது. எல்லாரும் மூழ்கிவிட்டார்கள் என்றால் கதையைச் சொல்வது யார் என்று சில விமர்சகர்கள் கேட்டார்கள். பிழை அச்சகத்தினுடையது, கேள்வி நியாயமானது. மெல்வில் உயிரோடு இருந்த காலத்தில் விற்றது சுமார் 3,000 பிரதிகள். கடைசிக் காலத்தில் 19 ஆண்டுகள் சுங்க அதிகாரியாகத் துறைமுகத்தில் மற்றவர்களின் சரக்குகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

நீராவிக் கப்பல்கள் பெருகிப் பாய்கள் சுருட்டப்பட்ட காலத்தில்தான் கடல் நாவல் உச்சிக்குப் போனது. ஜோசப் கான்ராட் 1886-இல் கேப்டன் சான்றிதழ் பெற்றவர். அதற்கு ஆறாண்டு முன்பு, 900-க்கும் மேற்பட்ட ஹஜ் பயணிகளோடு சிங்கப்பூரிலிருந்து போன ‘ஜெத்தா’ என்ற நீராவிக் கப்பல் புயலில் சிக்கியது. அதிகாரிகள் இரவில் படகில் ஏறிப் பயணிகளை விட்டுவிட்டுப் போனார்கள். மீட்கப்பட்டு ஏடன் சேர்ந்ததும், கப்பல் மூழ்கிவிட்டது என்று கணக்குச் சொன்னார்கள். மறுநாளே ‘ஜெத்தா’ இன்னொரு கப்பலால் இழுத்துவரப்பட்டு, பயணிகளோடு, துறைமுகத்துக்குள் வந்து நின்றது. கடல் வரலாற்றில் ஒரு பொய்க்கு இவ்வளவு பெரிய சாட்சி வந்ததில்லை. இதிலிருந்து கிளம்பியது 1900-இல் வந்த ‘லார்ட் ஜிம்’. விசாரணை மன்றம் எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எவ்வளவு தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே போகிறது. நீ ஏன் குதித்தாய் என்பதற்கு அந்தக் கேள்விகளில் இடமில்லை. அதைத் தேடித்தான் நாவல் முந்நூறு பக்கத்துக்கு மேல் சுற்றுகிறது. தண்ணீர் கேட்டுக் கெஞ்சும் ஒருவரைத் தவிர, பயணிகள் அதில் வாய்திறந்து பேசுவதில்லை. அது கான்ராடின் குறை. கப்பலின் அடித்தட்டு ஆட்களின் பேச்சைக் கேட்க வேண்டுமென்றால் அமிதவ் கோஷிடம் வர வேண்டும். லஸ்கர் எனப்பட்ட ஆசிய மாலுமிகளின் கலவைமொழிக்கு 1811-இல் தாமஸ் ரோபக் தொகுத்த அகராதியை வைத்துக்கொண்டு ‘சீ ஆஃப் பாப்பீஸ்’ நாவலில் அவர்களைப் பேச வைத்திருக்கிறார்.

தமிழில் பலர் முதலில் படித்த கடல் கதை ஹெமிங்வேயின் ‘கடலும் கிழவனும்’ ஆக இருக்கும். கிழவரிடம் ஏடு இல்லை. படகோடு கட்டி வந்த மீனின் எலும்புக்கூட்டை மற்ற மீனவர்கள் கயிறு பிடித்து அளக்கிறார்கள்: மூக்கிலிருந்து வால் வரை 18 அடி. அவருக்கு அதுவே சாட்சியம்.

கப்பல் சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. பாட்ரிக் ஓ’பிரையன் 1969-இல் தொடங்கி எழுதி முடித்த 20 நாவல்களும் நெப்போலியன் காலக் கடற்படையின் கடிதங்கள், குறிப்பேடுகளிலிருந்து எழுந்தவை. முதல் நாவலில் சின்னஞ்சிறு கப்பல் ஒன்று தன்னைவிடப் பலமடங்கு பெரிய ஸ்பானியக் கப்பலைப் பிடிக்கும் சண்டை நம்பவே முடியாதது. ஆனால் 1801 மே 6 அன்று தாமஸ் காக்ரன் 54 பேரை வைத்துக்கொண்டு 319 பேர் இருந்த ‘காமோ’வைப் பிடித்ததன் மறுபதிப்பு அது. அந்த நாவல்களில் கயிறுகளின் பெயர்கள் சரம் சரமாக வரும். அகராதியைத் தேடாதீர்கள். கதையிலேயே ஒன்றும் தெரியாத மருத்துவர் ஒருவர் கூடவே வருகிறார். அவருக்குப் புரிகிற அளவு நமக்கும் புரிந்தால் போதும்.

கணக்கில் பொய் எழுதுவது எவ்வளவு கடினம் என்பதற்கு, இடம் கண்டுபிடிக்கும் முறையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். செக்ஸ்டண்ட் என்ற கருவியால் அடிவானத்திலிருந்து சூரியன் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கோணம் எடுப்பார்கள். கிரீனிச்சில் அப்போது மணி என்ன என்று காலமானி சொல்லும். பஞ்சாங்க அட்டவணையைப் பார்த்துக் கணக்குப் போட்டால் இடம் கிடைக்கும். கடிகாரம் நான்கு விநாடி பிசகினால் நிலநடுக்கோட்டில் ஒரு கடல் மைல் பிசகும். 1916-இல் தென்துருவப் பயணி ஷாக்கில்டனும் ஐவரும் ‘ஜேம்ஸ் கேர்ட்’ என்ற திறந்த படகில் தென் பெருங்கடலில் ஏறத்தாழ 800 மைல் போனபோது, வழிகாட்டிய ஃபிராங்க் வோர்ஸ்லிக்கு மேகத்துக்கிடையில் சூரியன் கிடைத்தது நான்கே முறை. இதற்கு நேர்மாறு ஜோஷுவா ஸ்லோகம். 1895 முதல் 1898 வரை ‘ஸ்ப்ரே’ என்ற படகில் தனியாக உலகைச் சுற்றிய முதல் மனிதர். காலமானியைப் பழுதுபார்க்க 15 டாலர் கேட்டார்கள். வேண்டாம் என்று ஒரு டாலருக்கு முகம் உடைந்த தகரக் கடிகாரம் வாங்கினார். வழியில் அதன் நிமிட முள் விழுந்துவிட்டது. வெந்நீரில் கொதிக்க வைத்த பிறகு மணியாவது காட்டியது, அது போதும் என்று எழுதுகிறார். கடல் நூல்களில் இவ்வளவு நல்ல நகைச்சுவை அபூர்வம்.

1968-இல் லண்டன் பத்திரிகை ஒன்று, எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றும் போட்டி வைத்தது. ஒன்பது பேர் கிளம்பினார்கள். ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் பம்பாயில் கட்டிய ‘சுஹைலி’ என்ற படகில் 312 நாளில் திரும்பினார். பெர்னார் மொய்டெசியே வெற்றியை நெருங்கியவர், பரிசும் வேண்டாம் கரையும் வேண்டாம் என்று ஒரு கப்பலின் மேல்தட்டுக்குக் கவணால் கடிதத்தை எறிந்துவிட்டு மறுபடி கிழக்கே போய்விட்டார். டொனால்ட் குரோஹர்ஸ்ட் என்ற பொறியாளர் கெடுவின் கடைசி நாளான அக்டோபர் 31 அன்று கிளம்பினார். அவருடையது மூன்று உடல் கொண்ட ட்ரைமரான் படகு. நம் கட்டுமரம் ஆங்கிலத்தில் ‘கேட்டமரான்’ ஆகி, அதன் வாலை மட்டும் வெட்டி ஒட்டியதில் பிறந்த பெயர் அது.

படகு தென் பெருங்கடலைத் தாங்காது என்று அவருக்குச் சில வாரங்களில் தெரிந்துவிட்டது. திரும்பினால் கடனில் வீடு போகும். அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, வேகமாகப் போவதாக வானொலியில் செய்தி அனுப்பினார். ஒரே நாளில் 243 மைல் போனதாகவும் சொன்னார். மூத்த தனிக் கடலோடி ஃபிரான்சிஸ் சிசெஸ்டர் சந்தேகப்பட்டார், பத்திரிகைகள் கொண்டாடின. போலிக் கணக்கு எழுத, போகாத இடத்தில் அந்த மணிக்குச் சூரியன் எந்த உயரத்தில் இருந்திருக்கும் என்று பின்னோக்கிப் போட வேண்டும். உண்மையான கணக்கைவிட அது பல மடங்கு கடினம். அவர் கெட்டிக்காரர்; போட்டார். எல்லாருக்கும் பின்னால் மெதுவாக வந்து சேர்ந்தால் ஏட்டை யாரும் துருவ மாட்டார்கள். ஆனால் குரோஹர்ஸ்ட் நெருங்குகிறார் என்று நம்பி முந்துவதற்காக விரட்டிய நைஜல் டெட்லியின் படகு 1969 மே மாதம் உடைந்து மூழ்கியது. இனி, குறைந்த நாளில் சுற்றியவருக்கான 5,000 பவுண்ட் வேகப் பரிசு குரோஹர்ஸ்ட்டுக்குத்தான். ஏட்டை எல்லாரும் பார்ப்பார்கள்.

ஜூன் கடைசியில் அவர் கடவுள், காலம், மனம் பற்றி ஏறத்தாழ 25,000 சொற்கள் எழுதினார். கடைசிக் குறிப்பு ஜூலை 1. ஜூலை 10 அன்று ஓர் அஞ்சல் கப்பல் அந்தப் படகை ஆளில்லாமல் மிதக்கக் கண்டது. நிக்கலஸ் டோமலின், ரான் ஹால் என்ற இரு பத்திரிகையாளர்கள் அந்த ஏடுகளோடு மாதக்கணக்கில் உட்கார்ந்து 1970-இல் எழுதிய நூலை நான் இரண்டு முறை படித்திருக்கிறேன். படகு உண்மையில் எங்கெங்கே போனது என்பது அந்த ஏடுகளில் பிசகில்லாமல் இருந்தது. நாக்ஸ்-ஜான்ஸ்டன் தனக்கு வந்த 5,000 பவுண்டைக் குரோஹர்ஸ்ட்டின் குடும்பத்துக்குக் கொடுத்தார். படகின் காலமானி மட்டும் பெட்டியில் இல்லை.